சரிகை சுற்றிய ஃபியூஸ்

நேற்று பழைய பட்டுப்புடவை வாங்குகிறவன் வந்தான். பேத்திதான் கூப்பிட்டிருந்தாள். முந்தானையிலிருந்து ஒரு இழை சரிகையை உருவி, நல்ல சரிகைதானா என்று பார்க்க நெருப்புக்குச்சியில் காட்டினான். மயிர் கருகுகிற நாற்றம். "இன்னா ஆயா, எழுந்து போயிட்டே?" என்றாள் பேத்தி. அவளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது? உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நீங்கள் போய் ஒன்பது வருஷம் ஆனாலும் சரி.

அன்று அந்த முற்றத்தில் ஐந்து பேர் இருந்தோம். முதலாளி நடேசன். அவருடைய மச்சான் ராஜு, கடையில் புடவைக் கட்டு கட்டுகிறவன். ராட்டையில் சரிகை சுற்றிக்கொண்டிருந்த என் அக்கா சுசீலா. தறியில் நான். காருக்குப் பக்கத்தில், கார் ஓட்டுகிற நீங்கள். நமக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம், எழுபதாம் வருஷத்துக்கு முன்னால். ஒருத்தரையும் நான் மறக்கவில்லை.

முகூர்த்தப் புடவைகள் மத்தியானத்துக்குள் மெட்ராஸ் போய்ச் சேர வேண்டும். நீங்கள் சாவியைத் திருப்பினீர்கள். மற்ற நாளெல்லாம் பெட்ரோல் பம்பு டிக் டிக்கென்று அடித்துக்கொள்ளும். தறியில் உட்கார்ந்தபடியே அதைக் கேட்டு, நீங்கள் கிளம்புகிறீர்கள் என்று தெரிந்துகொள்வேன். அன்று சத்தமே இல்லை. எஞ்சின் சும்மா சுற்றியது, பிடிக்கவில்லை.

"நேத்து ஊர்த் திருவிழாவுக்கு லீவு கேட்டே, இல்லன்னேன். இன்னிக்கு வண்டி நின்னுக்கினு இருக்குது" என்றார் முதலாளி. "பம்பு போச்சா, போக வெச்சியா?"

"பம்பை மாத்தணும் மாமா. அதெல்லாம் பாத்துக்கினு இருந்தா நேரம் போயிடும். வாடகைக் கார் பேசிடலாம்" என்றான் ராஜு. இவனுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

நீங்கள் நேராகப் பம்புப் பக்கம் போனீர்கள். "இந்தாமே, இங்க வா. சாவியைத் திருப்பிப் புடி" என்று என்னைக் கூப்பிட்டீர்கள். பம்பிலிருந்து ஒயரைக் கழற்றி, இரண்டு வால் வைத்த சின்ன பல்பின் ஒரு வாலை அந்த ஒயரிலும் இன்னொரு வாலைக் கார் இரும்பிலும் வைத்தீர்கள். பல்பு எரியவில்லை. பிறகு பேட்டரியிலிருந்து வேறொரு ஒயரை நேராகப் பம்புக்குக் கொடுத்தீர்கள். டிக் டிக் டிக்.

"பம்பு நல்லாத்தான் இருக்குது முதலாளி. அதுக்குக் கரண்டு வரல. வழியில எங்கியோ நின்னுடுச்சு."

பல்பை வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனீர்கள். ஃபியூஸின் இந்தப் பக்கம் வைத்தால் பல்பு எரிந்தது, அந்தப் பக்கம் வைத்தால் எரியவில்லை. அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினீர்கள். கண்ணாடிக் குழாயின் மேலே, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு யாரோ சரிகையைச் சுற்றியிருந்தார்கள். நடுவில் கருகி அறுந்திருந்தது. சரிகைக்கு உள்ளே ஓடும் சிவப்புப் பட்டு இழை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

முதலாளியின் முகம் மாறியது. "என் சரிகை வண்டிக்குள்ள எப்படிப்பா வந்துச்சு? உன் பொண்டாட்டிதானே என் தறியில உக்காந்திருக்கிறா? இன்னும் எவ்ளோ எடுத்துக்கினு போனீங்க, ரெண்டு பேரும்?"

உங்கள் வேலை போவதைவிட அது பெரிது. சரிகை திருடி என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால், பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுத் தறியிலும் ஏற முடியாது. நான் எல்லோரையும் பார்த்தேன். ஒரு கணம் உங்களைக்கூடச் சந்தேகப்பட்டேன். அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அன்று யாரையும் நம்பும் நிலையில் நான் இல்லை.

ஃபியூஸை உங்கள் கையிலிருந்து வாங்கினேன். விரலால் தடவினேன். முனையில் முடிச்சு.

"முதலாளி, இத பாருங்க" என்றேன். "தறிக்காரி கையி இழையை சாம்பல் தொட்டு முறுக்கும், முடிச்சு போடாது. அறுந்தது தெரியாம சேக்கணும்னுதான் எங்க அம்மா எனக்குக் கத்துக் குடுத்துச்சு. இது ரெட்டை முடிச்சு. புடவைக் கட்டுக்குப் போடறது."

ராஜு முதலாளி பக்கம் திரும்பினான். "நேத்து ஏனாத்தூரு வரைக்கும் வண்டிய எடுத்துக்கினு போலாம்னு பாத்தேன் மாமா. வாசல்லயே ஃபியூஸு போச்சு. சரிகையும் வெள்ளிதானே, கரண்டு போவும்னு சுத்தினேன். போயிட்டு வந்தேனே!"

"சரிகை ஏதுடா?"

அவன் சுசீலாவைக் காட்டினான். "கேட்டேன், குடுத்துச்சு."

அக்கா சரிகை சுற்றுவதை நிறுத்தக்கூட இல்லை. "என்னை யாரும் கேக்கலியே. அதான் சொல்லல" என்றாள்.

என்னைத் திருடி என்று சொன்னபோது அவள் எனக்கு நாலு முழத் தூரத்தில் இருந்தாள்.

முதலாளி சிரித்துவிட்டார். மச்சானாயிற்றே. "சரி சரி, வண்டிய எடு, நேரமாவுது" என்றார். நீங்கள் உடனே வேறு ஃபியூஸ் போடவில்லை. "ஃபியூஸு சும்மா எரியாது" என்று காருக்குள் காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்தீர்கள். ஒயர் தோல் உரிந்து இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. துணி டேப் சுற்றினீர்கள். பிறகுதான் புது ஃபியூஸ். டிக் டிக் கேட்டது. புடவைகள் நேரத்துக்குப் போயின.

அன்று வீட்டுக்கு வந்து, "விடுமே, உங்க அக்கா பயந்துட்டா" என்றீர்கள். நான் விடாமல் கேட்டபோது, "கோளாறு எங்கன்னு தெரிஞ்சுடுச்சு, சரியும் பண்ணியாச்சு. இன்னும் எதுக்கு நோண்டிக்கினு இருக்கறே?" என்றீர்கள். அக்காவை நீங்கள் ஏன் அவ்வளவு தாங்கினீர்கள்? ஃபியூஸை வெளியே எடுத்ததும் நீங்கள் முதலில் பார்த்தது அவளைத்தான், என்னையல்ல. சரிகை யார் கையிலிருந்து போயிருக்கும் என்று அப்போதே ஊகித்துவிட்டு, அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தீர்களோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். நீங்கள் இருந்தபோது கேட்டேன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள்.

முதலாளி படுக்கையில் விழுந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ராஜு தன் பேரனுடைய கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். நீங்கள் போன அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழ ஒருத்தி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். நான் திரும்பி, பக்கத்து வீட்டுக்காரியைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஊரே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் செய்தேன். நீங்கள் எத்தனை தடவை "விடுமே" என்று சொல்லியிருந்தாலும், நான் விடாதவள் ஒருத்தி இருக்கிறாள்: என் கூடப்பிறந்த சுசீலா.