சோதனைக்கு எடுத்த பத்து வரி

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறும்போதே துப்பட்டா ஈரம். ஆபீஸில் கண் ஆஸ்பத்திரி ஒன்று எங்களிடம் கொடுத்த பட்டியல். பழைய நோயாளிகளை மறுபடி பரிசோதனைக்கு அழைத்து மெசேஜ் போக வேண்டும். பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்னென்னவோ: (சர்க்கரை), (மகன் நம்பர்), (காது கேட்காது). ரீஜெக்ஸ் என்கிற தேடல் கட்டளை ஒன்று எழுதினேன். அடைப்புக்குறிக்குள் எது இருந்தாலும் எடுத்துவிடும். சோதனைக்குப் பத்து வரி கற்பனையாக நானே தட்டினேன். பத்தும் சரி. முழுப் பட்டியலிலும் ஓட்டி, பக்கத்து சீட் ஜோதி அக்காவுக்கு அனுப்பினேன். சரிபார்த்து மெசேஜ் விடுவது அவர் வேலை.

"முடிஞ்சிருச்சுன்னு வாயத் தொறந்து சொன்னா என்னடி? கோயில் யானைகூட உன்னவிட சத்தம் போடும்."

நவ. 6, வியாழன்

வெயில். தலைவலி. போன மெசேஜில் தொடர்புக்கு எங்கள் ஆபீஸ் நம்பர்தான். பதினொரு மணிக்கு மணப்பாறையிலிருந்து ஒரு அம்மா.

"எங்க வீட்டுக்காரர் தவறி மூணு மாசம் ஆச்சும்மா. கண்ணு பாக்க வரச் சொல்லி அவர் பேருக்கு மெசேஜ் வந்திருக்கு. எங்கேருந்து கூட்டிட்டு வரட்டும், சொல்லுங்க."

பெயரைக் குறித்துக்கொண்டேன். பிறகு இன்னும் நான்கு போன்.

பழைய பட்டியலைத் திறந்தேன். (இறப்பு). (இறப்பு). அந்தக் குறிப்பைத் தேடித்தான் ஜோதி அக்கா இறந்தவர்களை நீக்குவார். நான் அதையும் அழித்துவிட்டேன். அவர் தேடியபோது ஒருவரும் அகப்படவில்லை. என் பத்து வரியில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

மேனேஜர் வந்து எல்லார் முன்னாலும், "யாரு அனுப்பினது?"

"நான்தான் சார்," என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவில்லை. நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவ. 7, வெள்ளி

உண்மையைச் சொல்ல மேனேஜர் அறை வரை மூன்று தடவை போனேன். முதலில் உள்ளே ஆள். அப்புறம் போனில் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை சும்மாதான் இருந்தார். திரும்பி வந்துவிட்டேன். வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வது? காலேஜ் முடித்ததே எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.

அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நாலு மணிக்கு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். வந்து பையை எடுத்துக்கொண்டார். "வரேன்டி." அவ்வளவுதான்.

சனி, ஞாயிறு எழுதவில்லை.

நவ. 10, திங்கள்

போனவுடன் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். நின்றபடியே, ஒரே மூச்சில்.

"வெள்ளிக்கிழமையே அவங்ககிட்ட ராஜினாமா லெட்டர் வாங்கியாச்சேம்மா. ஆள மாத்திட்டோம்னு ஆஸ்பத்திரிக்கும் சொல்லியாச்சு. போங்க, வேலையப் பாருங்க."

அக்காவின் வேலையும் இனி எனக்கே.

மத்தியானம் மாடிப்படியில் நின்று அவருக்குப் போன். நான்காவது தடவை எடுத்தார்.

"சார்கிட்ட சொல்லிட்டேன்க்கா. தப்பு என்னோடதுன்னு."

"எப்ப சொன்ன?"

"இன்னைக்குக் காலைல."

"சரி" என்று வைத்துவிட்டார்.