வலப்பக்கக் கதவு

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், வழக்கமாக எழுதும் சுகம் இல்லை, நிஜமாகவே சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா?

அப்பா ஏன் போனில் பிடிகொடுத்துப் பேசவில்லை என்று கேட்டாயே, இப்போது சொல்கிறேன், பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. பெரிய ரோட்டின் நடுவில் பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை போட்டிருக்கிறார்கள் அல்லவா, அந்தப் புது பஸ் ஓட்ட அப்பாவுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கு இரண்டு பக்கமும் கதவு உண்டு, ஆனால் நிறுத்தம் நடுரோட்டில் மேடையாக இருப்பதால் வலப்பக்கக் கதவைத்தான் திறக்க வேண்டும். இந்த மனிதருக்கு வாழ்நாளெல்லாம் இடப்பக்கமே கை பழகிவிட்டது. பரீட்சையில் மேடையை ஒட்டி அழகாக நிறுத்திவிட்டு இடப்பக்கக் கதவைத் திறந்தாராம், அந்தப் பக்கம் லாரி போய்க்கொண்டிருந்ததாம்! இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, தவறினால் டெப்போவில் உட்கார வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவரால் இருக்க முடியுமா? வலப்பக்கம் பழகுகிறேன் என்று ஸ்கூட்டரைச் சுவரில் உரசிக் கண்ணாடியை உடைத்தார், கடைக்குப் போகும்போதும் சுவரை ஒட்டியே நடந்தார், எதிர்வீட்டு டெய்லர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அண்ணனுக்குத் தலைசுற்றலா அண்ணி என்று கேட்டார். வியாழக்கிழமை பாஸாகிவிட்டார், எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நேற்று அவரிடம் சொல்லாமல் நிறுத்தத்தில் போய் நின்றேன். என் முட்டி மடங்காமல் போனதிலிருந்து அப்பா ஓட்டும் பஸ்ஸில் நான் ஏறியதே இல்லை, அந்தப் படிகள் அவ்வளவு உயரம். இதில் மேடையும் பஸ்ஸின் தரையும் ஒரே மட்டம், விரல் நுழையாத இடைவெளியில் கொண்டுவந்து நிறுத்தினார். யார் கையையும் பிடிக்காமல் உள்ளே போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, நான் உட்காரும்வரை பஸ்ஸை எடுக்கவே இல்லை, பின்னால் ஒருவர் என்ன டிரைவர் சார் தூக்கமா என்று சத்தம் போட்டார். வேலை ஒன்றுமில்லாமல் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினேன், சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

நீ வரும்போது டாக்ஸி பிடிக்காதே, பெட்டியை அப்படியே உருட்டிக்கொண்டு அப்பா பஸ்ஸில் ஏறலாம். ஸ்கூட்டர் கண்ணாடியைப் பற்றிக் கேட்காதே, பூனை தள்ளியதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா

மறந்துவிட்டேன், இறங்கும்போது நான் போய் நின்றது இடப்பக்கக் கதவில். அப்பா வீட்டுக்கு வந்தும் சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.