அந்தச் சித்தப்பா சாப்பிட்டாரா?

இஞ்சாருங்கோ,

கண்டியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு நேற்றுத்தான் ஊருக்குத் திரும்பினேன். ஹபரணையைத் தாண்டியதும் பஸ்ஸில் ஒரு பழைய படத்தைப் போட்டார்கள். நாதஸ்வரச் சத்தம், கல்யாணப் பந்தல், கிணற்றுக்குள் விழுகிற கதாநாயகன். பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. நிறுத்தச் சொல்லலாமா என்று இருந்தது. பின்னால் இருந்த பெடியன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் கிட்ட, கப்பல்துறை வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன்.

கலியாணமாகி நாம் இருவரும் தியேட்டரில் பார்த்த முதல் படம் அது. கடைசிப் படமும் அதுதான். துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்திவிட்டு வந்து, டீசல் மணம் போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினீர்கள். “சண்டை எண்டு வீட்டுக்கயே கிடந்தா விசர்தான் பிடிக்கும். வெளிக்கிடும், சிரிச்சுப்போட்டு வருவம்” என்றீர்கள். ஊரடங்குக்குப் பயந்து அந்த நாட்களில் பகல் காட்சி மட்டும்தான் ஓடியது.

சிரிப்புப் படம் என்று பெயர். மாப்பிள்ளை மாறிப்போன கதை. கதாநாயகன் கத்தினான், எல்லோரையும் கன்னத்தில் அறைந்தான், விழுந்தான், திரும்பவும் விழுந்தான். தியேட்டரில் ஒருவரும் சிரிக்கவில்லை. “எழும்பிப் போவமே?” என்று கேட்டேன்.

அப்போதுதான் அந்த ஒல்லி நடிகர் வந்தார். கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சித்தப்பா, படத்தில் பெயர்கூட இல்லாத ஆள். பந்தியில் அவர் உட்காரும்போதெல்லாம் யாராவது வந்து, அது வேறு ஒருவருக்கு வைத்த இடம் என்று எழுப்பிவிடுவார்கள். அவர் கோபப்பட மாட்டார். “அதுக்கென்ன” என்று சிரித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போவார். முகத்தில் பசி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு போகும். நீங்கள் கதிரை ஆடச் சிரித்தீர்கள்.

“இதுக்குள்ள ஒராள்தான் மனுசனப்போல இருக்கு. இரும், அந்தாள் சாப்பிடுதோ எண்டு பாத்திட்டுப் போவம்.”

அவருக்காகத்தான் இருந்தோம்.

படம் பாதியில் நின்று விளக்குகள் எரிந்தன. இரண்டு வாசலாலும் ஆமிக்காரர் வந்தார்கள். ஆண்களை எழுப்பி வரிசையாக நடக்கவிட்டார்கள். வாசலில், ஆட்களைக் காட்டிக்கொடுக்க, சாக்கால் முகம் மூடிய ஒருவன் இருந்தான். உங்களைக் கண்டதும் தலையாட்டினான். ஏன் ஆட்டினான் என்று இன்றுவரை தெரியாது. “இவர் என்ர மனுசன், துறைமுகத்தில வேலை!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, “நீர் போய் இரும், நான் வருவன்” என்றீர்கள்.

அதற்குப் பிறகு, பிடித்தவர்களை ஏற்றிய லொறி போகும்வரை ஒருவரும் வெளியே வரக்கூடாது என்று கதவுகளைச் சாத்தி, படத்தை விட்ட இடத்திலிருந்து திரும்ப ஓடவிட்டார்கள். உங்கள் கதிரை பக்கத்தில் வெறுமையாகக் கிடக்க, அந்தப் படத்தை நான் கடைசிவரை பார்த்தேன்.

கடைசியில் சித்தப்பாவுக்கு ஓர் இலை கிடைத்தது. சோறும் விழுந்தது. முதல் பிடியை வாய்வரை கொண்டுபோகிறார். பந்தலில் சண்டை மூண்டு, யாரோ இலையை மிதித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த நடிகர் முழிக்கவில்லை, கத்தவில்லை. கையில் இருந்த பிடியையும் இலையில் வைத்து, வயிறாரச் சாப்பிட்டவரைப்போல அதைத் தன் பக்கமாக மெதுவாக மடித்தார். சிரிப்புக்காக வைத்த காட்சி அது. முன்வரிசையில் ஒரு பெண் விம்மி அழுதாள்.

வெயில் காலத்தில் கொண்டுபோன உங்களை மாரி தொடங்கிய பிறகுதான் விட்டார்கள். நான் வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். வந்தீர்கள், ஆனால் கதைக்கவில்லை. சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிடுவீர்கள். ஒரு மத்தியானம் குசினியில், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடி திடீரென்று கேட்டீர்கள்.

“அந்தச் சித்தப்பா சாப்பிட்டவரோ?”

எனக்கு விளங்கவில்லை.

“அந்தப் படத்தில. உள்ளுக்க கிடக்கேக்க அதைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். வேற ஒண்டையும் யோசிக்க ஏலாது.”

நிலத்தில் உட்கார்ந்து நடித்துக் காட்டினேன். துண்டுக்குப் பதிலாகச் சேலைத் தலைப்பை உதறினேன். பிடியை வாய்வரை கொண்டுபோனேன். இல்லாத இலையை மடித்தேன். நீங்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். இருமல் வரும்வரை சிரித்தீர்கள்.

“கெட்டிக்காரன். கடைசிவரைக்கும் காட்டிக்குடுக்கேல்ல” என்றீர்கள்.

அன்று கோப்பையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

அதற்குப் பிறகு வேலைக்குப் போனீர்கள். பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். போன வருடம் நோயில் படுத்து, போய்விட்டீர்கள். அங்கே என்ன செய்தார்கள் என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் தாங்குவேனோ என்ற பயத்தில் நானும் கேட்கவில்லை. படுக்கும்போது அறைக் கதவைச் சாத்த விடமாட்டீர்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது தனியாகத்தான் படுக்கிறேன். மகள் வீட்டிலும் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். “ஏனம்மா, சாத்தவே?” என்று கேட்டாள்.

காற்று வரட்டும் என்றேன்.