பேட்டரி தண்ணீரும் செல்வராசு மாமாவும்

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாக்கி. எழுத மனமில்லை.

அப்பா இன்றும் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். எங்கே போவதானாலும் வேன் ஸ்டாண்டைத் தாண்ட வேண்டும்.

நடந்ததை எழுதி வைக்கிறேன், ஆறிப்போகக் கூடாது என்பதற்காக. ஞாயிறு அப்பா வேன் ஓட்டினார், கல்யாணப் பார்ட்டி, சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு. டீ குடிக்கப் புதுச்சத்திரத்தில் நிறுத்திய வேன் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டுப்புடவைக்காரர்கள் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். பேட்டரி காலி. வாங்கி ஆறே மாதம்.

வேன் ஓனர் செல்வராசு மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கேனில் அடைத்து விற்கிறார். ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களும் நிற்கும்போது அப்பாவைப் பார்த்து,

"குழாத்தண்ணிய ஊத்திச் சாவடிச்சிட்டியேடா!"

"நீங்க குடுத்த கேன்லேர்ந்துதான் ஊத்தினேன் மச்சான்."

"என் கேன் மேலயே பழி போடுறியா? நாளைலேர்ந்து வராத."

கதிரேசன் என்ற பெயர் போய், அப்பாவுக்கு இப்போது ஸ்டாண்டில் பெயரே குழாத்தண்ணி.

செ. மாமா மகள் அபிநயா என் வகுப்பு. மதியம் நான் பாட்டிலைத் திறந்தபோது, "ஏய் மதி, அது குழாத்தண்ணியாடி?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

செப்டம்பர் 3, புதன்

லைப்ரரி. பேட்டரி பற்றிப் படித்தேன். குறைவது அமிலம் அல்ல, தண்ணீர். அதனால்தான் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இருந்தால், தண்ணீர் ஆவியான பிறகும் உப்பு உள்ளேயே தங்கித் தகடுகளைக் கெடுக்கும். டிஸ்டில்டு என்றால் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தது. குடிக்கிற கேன் தண்ணீரில் கொஞ்சமாவது உப்பு இருக்கும். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான்.

இரவு சாப்பிடும்போது அப்பாவிடம்: "மாமா எங்கப்பா காய்ச்சுறாரு?"

"காய்ச்சவா? கிள்ளையில குடிதண்ணி பிளான்ட்லேர்ந்து ட்யூப் போட்டுப் புடிப்பாரு. ஃபில்டர் ஆன சுத்தத் தண்ணி பாப்பா அது."

அடப்பாவி மாமா! அப்பாவும் இத்தனை நாள் இதை நம்பியிருக்கிறார்.

அந்தக் கேன் எங்கெல்லாம் போகிறது? அப்பா சொன்னவை:
– ஒர்க்‌ஷாப்
– இன்வர்ட்டர் வைத்திருக்கும் வீடுகள்
– அண்ணாமலை நகர் பல் டாக்டர் (கருவிகளை ஆவியில் வேகவைக்கும் பெட்டிக்கு)
– ஆவி அயர்ன் வைத்திருக்கும் லாண்டரி
– எங்கள் ஸ்கூல் லேப்!!

விளக்கிச் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "விட்டுடு. அம்மாவுக்கு அண்ணன்."

விடமாட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று பிராக்டிகல்.

உப்புப் பகுப்பாய்வு. ஆளுக்கொரு உப்பு. சில்வர் நைட்ரேட் விட்டால் எல்லாருக்கும் வெள்ளை. எல்லாரும் 'குளோரைடு' என்று எழுதிவிட்டார்கள். கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்குக் கோபம்.

"கிளாஸ் முழுக்கக் குளோரைடா? நான் குடுத்ததே அஞ்சாறு பேருக்குத்தான். ட்யூபைக் கழுவுனீங்களாடி?"

கழுவினோம் மிஸ். எந்தத் தண்ணீரில் என்பதுதான் கேள்வி. மூலையில் செ. மாமா கேன்.

மிஸ்ஸிடம் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் எழுந்து நின்றேன்.

"மிஸ், உப்பே போடாம வெறும் தண்ணிய மட்டும் பாக்கலாமா?"

"பாரேன்."

கேன் தண்ணீர். நைட்ரிக் அமிலம். பிறகு சில்வர் நைட்ரேட், சொட்டுச் சொட்டாக. வெள்ளையாகக் கலங்கியது. நிஜ டிஸ்டில்டு என்றால் தெளிவாகவே இருந்திருக்கும். பின்னாலிருந்து யாரோ, "நீர்மோர் மாதிரி இருக்குடி!"

"யாரு சப்ளை இது?"

எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அபிநயாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் காத்திருந்தேன், அவளுக்கு நன்றாக உறைக்கட்டும் என்று.

"அபிநயாவோட அப்பா, மிஸ்."

அபிநயாவின் காது சிவந்துவிட்டது. பாவமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இனித்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

சாயங்காலம் மழை. துணி எல்லாம் நனைந்துவிட்டது.

ஸ்கூல் கேன்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. மிஸ் பல் டாக்டருக்கும் போன் செய்தாராம், அவரும் நிறுத்திவிட்டார். அபிநயா வரவில்லை.

ஆறு மணிக்குச் செ. மாமா வீட்டுக்கே வந்தார், தலையெல்லாம் ஈரம். அம்மா காபி போட ஓடினாள். நான் நாற்காலி எடுத்துப் போடவில்லை.

"எனக்கே தெரியாது மாப்ள. ஃபில்டர் தண்ணிதான, சுத்தம்தானேன்னு நெனச்சிட்டேன். இந்தா சாவி. காலைல வந்துடு."

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்பா எப்படியும் வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அப்பா சாவியைப் பார்த்தார். தொடவில்லை.

"ஸ்டாண்டுல வச்சுத்தான சொன்னீங்க மச்சான். அங்க வந்து இல்லேன்னும் சொல்லுங்க."

"நமக்குள்ள பேசி முடிக்கிறத அங்க எதுக்கு மாப்ள?"

"அன்னிக்கு நமக்குள்ளயா பேசுனீங்க?"

என் அப்பா!! மாமா காபியைத் தொடாமல் சாவியோடு போய்விட்டார். அம்மா ஆறின காபியை உள்ளே எடுத்துப் போனாள். "ரோஷம் ஜாஸ்தியா போச்சு இந்த வீட்டுல" என்று பாத்திரத்திடம் சொன்னாள்.

செப்டம்பர் 10, புதன்

ஸ்கூலுக்குப் போகும் முன் அப்பாவோடு ஸ்டாண்டுக்குப் போனேன். அப்பா வேண்டாம் என்றார். போனேன்.

மாமா வந்தார். நேற்று ராத்திரியே அம்மா போன் செய்து அவரை ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள், இன்று காலைதான் தெரியும். டிரைவர்கள் டீ கிளாஸோடு கூடிவிட்டார்கள். மாமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு என்னவோ முனகினார். அப்பாவுக்கு அதுவே போதும்போல, சாவிக்குக் கை நீட்டப் போனார்.

"பின்னாடி நிக்கிறவுங்களுக்குக் கேக்கல மாமா" என்றேன்.

"பாப்பா!" அப்பா அதட்டினார். நான் மாமாவையே பார்த்தேன்.

மாமா தொண்டையைச் செருமினார். "கதிரேசன் குழாத்தண்ணி ஊத்தல. நான் குடுத்த தண்ணிதான் சரியில்ல."

இந்தத் தடவை டீக்கடைவரை கேட்டது. இன்னொரு தடவையும் சொல்ல வைத்திருக்கலாம்.