மூன்றாம் வகுப்பின் கேள்விச் சுவர்

வெள்ளவத்தை,
10-12-1938.

மதிப்புக்குரிய ஐறீன் ரீச்சர் அவர்களுக்கு,

இங்கு நலம். மன்னாரில் நீங்களும் தாயாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உங்கள் விலகற் கடிதம் ஐந்து வாரமாக என் மேசையிலேயே கிடக்கிறது. பள்ளி மனேச்சருக்கு அனுப்பக் கை வரவில்லை.

முதலில் பிள்ளைகளின் சேதி. அஸீஸாவும் அவளோடு இன்னும் இரண்டு பிள்ளைகளும் தைபோயிட் என்ற நெருப்புக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். பயப்படாதீர்கள், மூவருக்கும் ஆபத்துக் கடந்துவிட்டது என்று நேற்று டாக்டர் சொன்னார்.

பள்ளியைப் பரிசோதிக்க வித்தியாதரிசி வருகிறார் என்று உங்கள் வகுப்பின் கேள்விச் சுவரை வெறுமையாக்கியவன் நான். கடற்கரையில் பிள்ளைகள் பொறுக்கிய சிப்பிகள், கப்பற் கயிற்றுத் துண்டு, கீழே அவர்களின் கோணல் எழுத்தில் கேள்விகள். ‘இரும்புக் கப்பல் ஏன் தாழேல்லை?’ ‘கயிறு ஏன் உப்புக் கரிக்குது?’ பதில் எழுதாத கேள்வியைத் தொங்கவிடுவது பள்ளிக்கூடத்துக்கு வெட்கம் என்று தலைமையாசிரியனான நான் நினைத்தேன். பிள்ளைகள் பார்த்திருக்க, “இது வகுப்போ, சந்தையோ?” என்று கேட்டேன். நீங்கள் ஒவ்வொரு தாளாகக் கழற்றி, மடிப்பு விழாமல் சுருட்டி அலுமாரியில் வைத்தீர்கள். வித்தியாதரிசி ‘சுத்தமான வகுப்பறை’ என்று எழுதிப்போனார். அந்த ஒரு வரியில் எனக்குப் பெருமை. மறுநாள் உங்கள் கடிதம்.

பிறகு காய்ச்சல் வந்தது. எங்கிருந்து என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. உங்கள் வகுப்பு மாக்ரெட்தான் என் அறைக்கு வந்து, “சேர், அஸீஸாட கிணத்துத் தாளைப் பாத்தனீங்களோ?” என்று கேட்டாள். பார்க்கவில்லை. அலுமாரியைத் திறந்தேன்.

‘கிணத்துத் தண்ணி சில நாள் ஏன் மணக்குது?’ அதன் கீழே இருபத்தாறு நாள். போத்தலில் அள்ளிய தண்ணீர் தெளிவா, கலங்கலா. அதற்கு முந்தின நாள் மழையா, வெயிலா. பார்த்த பிள்ளையின் பெயர். மழை பெய்த மறுநாளெல்லாம் கலங்கல், கெட்ட மணம். ஒரு நாளும் பிசகவில்லை. பதினெட்டு வருடமாக அந்தப் பள்ளிக் கிணற்றடியில் கை கழுவுகிறேன். எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. அந்தத் தாளோடு நீங்கள் இரண்டு தரம் என் அறை வாசலுக்கு வந்ததும், வித்தியாதரிசி போகட்டும் என்று நான் திருப்பி அனுப்பியதும் அப்போதுதான் உறைத்தது.

சுகாதாரம் பார்க்கும் சனிற்றறி இன்ஸ்பெக்டரிடம் தாளைக் கொண்டு ஓடினேன். அவர் வந்து நேரே பின்பக்கக் கழிவுநீர்க் கானின் மூடியைக் கிளப்பினார். உள்ளே வெடிப்பு, மழைக்குக் கான் நிரம்பினால் அழுக்கு கிணற்றுக்குள் கசிகிறது. கிணற்றை மூடிவிட்டோம். “ஆர் மாஸ்டர் இதை எழுதினது? இது இல்லாட்டி நான் இன்னும் தேடிக்கொண்டிருப்பன்,” என்றார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்றேன். அவர் நம்பச் சற்று நேரம் எடுத்தது.

நேற்று அஸீஸாவைப் பார்த்தேன். மெலிந்துவிட்டாள். நான் சுகம் கேட்க முன்பே, “சேர், கிணறு ஏன் மணந்த எண்டு தெரிஞ்சா?” என்றாள். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப கான் எப்பிடி வெடிச்ச?” என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். ஒரு பிள்ளையிடம் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தரம். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெரியாததைத் தேடும் சந்தோஷத்தை அந்தப் பிள்ளைக்குப் பழக்கியவர் நீங்கள்.

நான் செய்தது பிழை என்று திங்கட்கிழமை உங்கள் வகுப்பின் முன் நின்று சொன்னேன். தாள்களைத் திரும்ப ஒட்ட என்னாலும் முடியும். ஆனால் அடுத்த கேள்வியைப் பிள்ளைகளின் வாயிலிருந்து வரவைக்க எனக்குத் தெரியவில்லை.

ஜனவரியில் பள்ளி தொடங்க முன் வாருங்கள் ரீச்சர். உங்கள் வகுப்பின் பின்வரிசை வாங்கில் உட்கார எனக்கும் ஓர் இடம் தாருங்கள்.

தாயாருக்கு என் வணக்கம். நீங்கள் கும்பிடும் மடுமாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் சக ஆசிரியன்,
சி. சிவபாதசுந்தரம்