நெட்டைத் தென்னையே வை

போர்ட் பிளேர்
12.3.1973

அன்புள்ள இருதயம்மாளுக்கு,

மாதா கிருபையால் நான் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நம் ஏரிக்கரை மனைக்குப் பட்டா வந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்துக்கொண்டே பள்ளிக்கூடப் படியில் தடுக்கி விழுந்தேன். பென்ஷன் வாங்கப்போகும் வாத்தியார் விழுந்ததில் பிள்ளைகளுக்கு ஏகச் சிரிப்பு. சிராய்ப்புதான், கவலைப்படாதே.

மனை பண்ணைக்குச் சொந்தமாக இருந்தவரை நம்மை வாழை மட்டும்தானே வைக்க விட்டார்கள்? வாழை விருந்தாளி மாதிரி, குலை தள்ளியதும் போய்விடும். தென்னை மருமகள் மாதிரி, இருந்து ஆளும். அதனால்தான் என் அப்பா வைத்த தென்னங்கன்றைப் பண்ணைக் காரியக்காரர் பிடுங்கி எறிந்தார். "ஏன்டா, இது உன்னைவிட ரொம்ப நாள் நிக்குமேடா. அப்புறம் மனையே என்னுதும்பே" என்று சிரித்தார்.

இப்போது வாசலிலேயே ஒரு கன்று வை. குட்டை வேண்டாம், நெட்டையே வை. காய்க்க எட்டு வருஷம் ஆனாலும் ஆகட்டும். முதல் தண்ணீரை ஏரியில் மொண்டு ஊற்று.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. இங்கே தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை.

கப்பலுக்குத் தபால் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். காரியக்காரர் மகன் வந்து கன்றைப் பற்றிக் கேட்டால், உட்காரவைத்து மோர் கொடு. கொடுத்துவிட்டுச் சொல்: "ஆமாங்க, எங்களைவிட ரொம்ப நாள் நிக்கும்."

உன்
பெரியநாயகசாமி