மாலை ஆறு மணி ரத்த அழுத்தம்

தம்பி,

படித்ததும் கிழித்துப் போடு. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள். மருந்து அலமாரிச் சாவி மாடி வீட்டு அக்காவிடம் இருக்கிறது. நீ வரும்வரை அப்பா பக்கத்தில் அவர்தான் இருப்பார்.

"உனக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகந்தான்க்கா" என்று நேற்று கத்தினாயே! இன்று காலை பத்து மணிக்கு, அப்பாவைக் கவனிக்க வரும் ஆள் பின்பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய பதிவேட்டைப் புரட்டினேன். இன்று மாலை ஆறு மணிக்கான ரத்த அழுத்தத்தை அப்போதே எழுதி வைத்திருக்கிறார். மருந்து கொடுத்தாயிற்று, புரட்டிப் படுக்க வைத்தாயிற்று என்று இரண்டு டிக் வேறு. மாலை இன்னும் வரவே இல்லையடா!

அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது. நீயே பார்.

நான்கு மணிக்கு அந்த ஆளை அனுப்பிய கம்பெனியிலிருந்து மேற்பார்வையாளரம்மா வருகிறார். பதிவேட்டைப் படம் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். சிரித்துப் பேசி, டீ கொடுத்து அனுப்பிவிடாதே. மாலை மாத்திரையை உன் கையால் கொடு.

பி.கு: செருப்பு மாட்டும் முன் அந்த ஆளைப் பற்றி அப்பாவிடமே கேட்டேன். "அவன் ஒழுங்கா பாக்கறதில்லன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா இந்த வீட்ல எங்கூட உக்காந்து பேசறது அவன் ஒருத்தன்தான். அனுப்பிடாதீங்க" என்றார்.

படத்தைக் கட்டாயம் காட்டு. ஆனால் அந்தம்மாவை வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டு. அப்பா காதில் விழ வேண்டாம். பிறகு உள்ளே வந்து, போனை வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருடா. நானும் சீக்கிரம் வந்துவிடுகிறேன்.

அக்கா